காற்றடைத்த கயாக்: கருவேல முள்ளைத் தாங்குமா?

திருவண்ணாமலையில் குடியிருப்பவர்களுக்குச் சனி, ஞாயிறு என்பது ஊரை வெளியூர்க்காரர்களுக்கு விட்டுக்கொடுக்கும் நாள். அதனுடன் பௌர்ணமியும் சேர்ந்துவிட்டால் கிரிவலப் பாதைப் பக்கம் பால் வாங்கப் போவதற்குக்கூட வண்டியை எடுக்க முடியாது. தப்பித்துப் போக நினைக்கும் உள்ளூர்க்காரருக்குத் தண்ணீர்க் கரைகள் இருக்கின்றன. தென்பெண்ணையின் குறுக்கே 1958-இல் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணை எல்லோருக்கும் தெரியும். செங்கம் பக்கம் குப்பநத்தம், போளூர் வட்டாரத்தில் செண்பகத்தோப்பு, மிருகண்டா என்று மாவட்டத்தில் இன்னும் மூன்று அணைகள் உண்டு. வறுத்த மீனைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவதோடு நம் அணைச் சுற்றுலா முடிந்துவிடும். கரையில் ஓர் இரவு தங்கி, படகில் கொஞ்சம் சுற்றிவர முடியுமா என்று கேட்பவர்களைக் குறிவைத்து இப்போது இணையக் கடைகளில் ஒரு பொருள் விற்கிறது: காற்றடைத்து மிதக்கவிடும் இருவர் கயாக்.

விலை பத்தாயிரத்துக்கும் பதினைந்தாயிரத்துக்கும் இடையில். நிறுவனத்தின் பெயர் இங்கே முக்கியமில்லை. இந்த விலையில் கிடைப்பவை எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவைதான். பத்து அடி நீளம், மூன்று அடி அகலம், தடித்த வினைல் உடல், கழற்றி மாட்டும் அலுமினியத் துடுப்புகள், கைப்பம்பு, ஒட்டுப்போட ஒரு சிறு பொட்டலம். சுருட்டிப் பையில் வைத்தால் சுமார் 14 கிலோ. டி.வி.எஸ். எக்ஸ்.எல். பின்னால் கட்டிக்கொண்டு போகலாம். கார் கேரியர், டிரெய்லர் எதுவும் வேண்டாம் என்பதுதான் இதன் முதல் பலம்.

கரையில்

செங்கம் பக்கம் ஒரு சிறு நீர்த்தேக்கம். அதையொட்டி நண்பர் ஒருவருக்குப் பட்டா நிலம். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லி, கேட்க வேண்டிய இடத்தில் கேட்டுவிட்டு மச்சானையும் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். இடத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அடுத்த வாரமே பிரியாணிப் பொட்டலங்களோடு பத்து வண்டி வந்து நிற்கும்.

காற்றடைக்கக் கைப்பம்பில் கால் மணி நேரம் ஆகிறது. சட்டை நனைந்துவிடும். தனியாக வாங்கிய சார்ஜ் பம்பு பாதி நேரத்தில் வேலையை முடிக்கிறது, ஆனால் கடைசி அழுத்தத்தைக் கையால்தான் ஏற்ற வேண்டியிருக்கிறது. இரண்டு பக்கங்களுக்கும் தரைக்கும் தனித்தனிக் காற்றறைகள். கோயில் தெப்பலுக்கு அடியில் காலிப் பீப்பாய்களை வரிசையாகக் கட்டுகிறார்களே, அதே கணக்கு. ஒன்றில் தண்ணீர் புகுந்தாலும் மற்றவை தாங்கும். ஓர் அறையின் வால்வை வேண்டுமென்றே திறந்துவிட்டுப் பார்த்தேன். படகு ஒரு பக்கம் தொய்ந்தது, மூழ்கவில்லை. அந்த நிலையில் கரைவரை துடுப்புப் போடவும் முடிந்தது. பாதுகாப்பில் நல்ல மதிப்பெண் கொடுக்கலாம்.

வெயிலும் காற்றும்

கையேட்டில் ஒரு மூலையில் பொடி எழுத்தில் எழுதியிருப்பது நம் ஊரில் முதல் பக்கத்தில் வர வேண்டியது: வெயிலில் விடாதீர்கள். இந்தக் கயாக்குகளில் அடைக்கும் அழுத்தம் மிகக் குறைவு, ஒரு பி.எஸ்.ஐ. அளவுதான். காலை 25 டிகிரியில் ஒரு பி.எஸ்.ஐ. அடைத்துவிட்டுக் கரையில் போட்டுவைத்தால், மதியம் உள்ளே இருக்கும் காற்று 45 டிகிரிக்குச் சூடாகும்போது, அறை விரியாமல் இருந்தால் கணக்குப்படி அழுத்தம் இரண்டு பி.எஸ்.ஐ.யைத் தொடும். அதாவது இரு மடங்கு. வினைல் கொஞ்சம் விரிந்து கொடுப்பதால் உண்மையில் அவ்வளவு ஏறாது. ஆனால் தையல் ஓரங்கள் முறுக்கேறி நிற்பதை விரலால் தட்டினாலே தெரிந்துகொள்ளலாம். தண்ணீரில் இருக்கும்வரை கவலையில்லை, அடியிலிருந்து குளிர்ந்துகொண்டே இருக்கும். கரையேறியதும் புளியமர நிழலுக்கு இழுத்துப் போய்க் கொஞ்சம் காற்றை இறக்கிவிட வேண்டும்.

இதற்கு நேர்மாறானது சாயங்காலம் நடக்கும். “மாமா, ஓட்டையாயிடுச்சு போல” என்று மச்சான் பதறினான். ஓட்டை இல்லை. குளிர்ந்த தண்ணீரில் காற்று சுருங்கி வினைல் தளர்ந்திருந்தது. நாலு பம்பு அடித்ததும் சரியாகிவிட்டது. புதிதாக வாங்குகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டுப் படகைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

தண்ணீரில்

காற்று இல்லாத காலை வேளையில் இதில் போவது சுகம். உட்காரும் இடம் தண்ணீர் மட்டத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால் கவிழும் பயம் குறைவு. முதல் தடவை ஏறுகிறவர்கூடச் சீக்கிரத்தில் நேராகப் போகப் பழகிவிடுவார். அதற்கு உதவுவது அடியில் மாட்டும் ஸ்கெக் என்ற சிறு செதில். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு துடுப்புக்கும் மூக்கு இடமும் வலமும் ஆடும்.

ஆனால் அந்தச் செதில்தான் நம் அணைகளில் வில்லன். இங்கே தண்ணீர் என்பது முதலில் மீன்பிடிப்பவர்களின் தொழிலிடம். சாயங்காலம் கட்டிய செவுள் வலைகள் விடியும்வரை கிடக்கும். தண்ணீர் பாட்டிலும் தெர்மாகோல் துண்டும்தான் அடையாளம். மங்கிய வெளிச்சத்தில் அதைக் கவனிக்காமல் போனால் செதில் வலையில் மாட்டும். விடுவிக்க இழுத்தால் கிழிவது இன்னொருவரின் அன்றைய வருமானம். வலை இருக்கும் பக்கம் போகும்போது செதிலைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இன்னொரு குறை, எடையில்லாத எடை. காற்றடைத்த படகு தண்ணீருக்குமேல் உயரமாக மிதப்பதால் பக்கவாட்டுக் காற்றுக்குப் பாய்மரம் மாதிரி ஆகிவிடுகிறது. தென்மேற்குப் பருவமாதங்களில் பிற்பகலுக்குமேல் வீசும் காற்றில் திரும்பி வருவது போனதைவிட இரு மடங்கு வேலை. போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள். களைத்துத் திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும்.

180 கிலோ தாங்கும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. இரண்டு பெரியவர்கள் 140 கிலோ, தண்ணீர் 10 லிட்டர், கூடாரம், பாய், அடுப்பு, அரிசி என்று ஏற்றினால் 160 கிலோவைத் தாண்டுகிறது. மிதக்கிறது, ஆனால் ஓரம் தாழ்ந்து சின்ன அலைக்கே மடி நனைகிறது. போட்டிருக்கும் அளவில் சுமார் முக்கால் பங்கோடு நிறுத்துவது புத்திசாலித்தனம். சாமானை ஒரு நடை, ஆளை ஒரு நடை என்று கொண்டுபோனால் போதும்.

முள்

விசைப்படகு, ஃபைபர் படகு எதற்கும் இல்லாத சோதனை காற்றடைத்த படகுக்கு இங்கே உண்டு. அணையில் தண்ணீர் வற்றும்போது வெளிப்படும் நிலமெல்லாம் சீமைக்கருவேலம் முளைக்கிறது. மறுபடி தண்ணீர் ஏறினால் செடி மூழ்கிப் பட்டுப்போகும், முள் அப்படியே நிற்கும். மேலிருந்து பார்த்தால் தெளிந்த தண்ணீர். அரை அடிக்குக் கீழே ஊசி.

வலையெடுத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பரிசலை எங்கள் பக்கம் திருப்பி, கயாக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “சார், முள்ளு ஏறிச்சின்னா இன்னா பண்ணுவீங்க?”

பதில் சங்கடமானது. ஒட்டுப்போடும் பொட்டலம் இருக்கிறது. ஆனால் ஓட்டையைச் சுற்றிக் காய்ந்திருக்க வேண்டும், சுத்தமாக இருக்க வேண்டும், பசை இறுக அரை நாளாவது விட வேண்டும். அவருடைய பரிசலில் ஓட்டை விழுந்தால் துணித்துண்டும் உருக்கிய தாரும் போதும். மூங்கில் சட்டத்துக்குமேல் பிளாஸ்டிக் தாளும் தாரும் பூசிய அந்த வட்டத்துக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது, நாலு விரல் தண்ணீரில்கூட மிதக்கும், முள்மேல் உரசிக்கொண்டு போகும். ஒகேனக்கல் பாறைகளுக்கு நடுவில் இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது. நேராகப் போவதிலும் வேகத்திலும் கயாக் ஜெயிக்கிறது. நம் நீர்நிலைக்குப் பொருந்துவதில் பரிசல்தான் முன்னால். கயாக்தான் வேண்டும் என்றால் வினைல் வகையை விட்டுவிட்டு, உள்ளே துணி வைத்த தடித்த பி.வி.சி. வகைக்குப் பணம் சேருங்கள். விலை கூடும், ஆனால் முள்ளுக்கு அதிக நேரம் தாக்குப்பிடிக்கும்.

இரவு

கயாக்குக்குள்ளேயே படுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: முடியாது. உட்கார மட்டும்தான் அகலம் இருக்கிறது. கூடாரம் கரையில்தான். கரை என்றால் எந்தக் கரை என்பதுதான் கேள்வி. தண்ணீர் ஓரத்து மணல் படுக்கை படத்தில் அழகாக இருக்கும், ஆனால் அது அணையின் வயிறு. காய்ந்த குப்பை, பிளாஸ்டிக் பாட்டில், நுரைத்தடம் ஆகியவை கோடுபோட்டதுபோல் கிடக்கும் இடம்வரை தண்ணீர் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கோட்டுக்கும் மேலே போங்கள்.

இது வெறும் எச்சரிக்கைக்காகச் சொல்வதில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. அந்தத் தண்ணீர் முழுக்கச் சாத்தனூருக்கு வந்தது. டிசம்பர் 2 அதிகாலையில் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிடப்பட, கீழே விழுப்புரம், கடலூர்வரை தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கின. மழை பெய்த இடம் ஒன்று, வெள்ளம் வந்த இடம் வேறொன்று. உங்கள் தலைக்குமேல் நட்சத்திரம் தெரிவது மேல்பகுதியில் மழையில்லை என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

இந்தப் பயணத்தில் கயாக்கைவிட உபயோகமாக இருந்தவை இரண்டு இலவசச் செயலிகள். தமிழக அரசின் ‘டி.என். அலர்ட்’ வானிலை முன்னறிவிப்போடு அணைகளின் நீர்மட்டத்தையும் தமிழிலேயே காட்டுகிறது. புனேவின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய ‘தாமினி’ உங்களைச் சுற்றி விழும் இடி மின்னலை முன்கூட்டிச் சொல்கிறது. திறந்த தண்ணீரில் உயரமான பொருள் நீங்கள் மட்டும்தான் என்பதால் கோடை இடிமழைக் காலத்தில் இது அவசியம். மலையோரக் கரைகளில் சிக்னல் கிடைக்காது. கிளம்புவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

உயிர்க்கவசச் சட்டை படகோடு வராது, தனியாகத்தான் வாங்க வேண்டும். அதில் 50 என்று போட்டிருந்தால் நீச்சல் தெரிந்தவர்களுக்கு, 100 என்று போட்டிருந்தால் தெரியாதவர்களுக்கும் சேர்த்து. 100-ஐயே வாங்குங்கள்.

தீர்ப்பு

முள்ளில்லாத, காற்றில்லாத, வலையில்லாத தண்ணீர் உங்களுக்குப் பக்கத்தில் இருந்து, அங்கே இறங்க உரிமையும் இருந்தால், கொடுத்த காசுக்கு நல்ல பொருள். அப்படிப்பட்ட இடம் திருவண்ணாமலையைச் சுற்றி மிகக் குறைவு என்பதுதான் சிக்கல். அணைகள் நீர்வளத்துறையின் பொறுப்பில் இருக்கின்றன, கரைக்காடு வனத்துறையுடையது, மீன் குத்தகை இன்னொருவருடையது. மூவரில் யாரையும் கேட்காமல் இறங்குவது சாகசம் ஆகாது, அத்துமீறல். சாத்தனூருக்கு இதை எடுத்துப் போகவே போகாதீர்கள். அங்கே வனத்துறையின் முதலைப் பண்ணைக்குள் மட்டும் முதலைகள் இல்லை, நீர்த்தேக்கத்திலும் இருக்கின்றன. படகில் போகும் ஆசை மட்டும்தான் என்றால் ஜவ்வாதுமலை ஜமுனாமரத்தூரில் படகு இல்லம் இருக்கிறது. துடுப்பு பிடித்துப் பழக அது போதும்.

ஐந்துக்கு இரண்டரை. அவசரப்பட்டு வாங்க வேண்டாம். முதலில் ஒரு நல்ல உயிர்க்கவசச் சட்டை வாங்குங்கள், கயாக் பிறகு.