தல்வார் மறுத்த விதம்

ஆரோவில் இருப்பது வானூர் வட்டத்தில். அதை அமைத்த அன்னையின் அடியார்களில் ஒருவர், இந்தியாவின் மிகப் பெரிய வங்கிக்குத் தலைவராக இருந்துவிட்டு, பக்கத்திலேயே புதுச்சேரியில் சத்தமில்லாமல் ஓய்வுக்காலத்தைக் கழித்தார் என்பது இந்தப் பக்கத்து மக்களில் பலருக்குத் தெரியாது. அவர் பெயர் ராஜ்குமார் தல்வார், பஞ்சாபி. 1943-இல், பின்னாளில் ஸ்டேட் வங்கியாக மாறிய இம்பீரியல் வங்கியில் சேர்ந்தவர், 1969-இல், ஐம்பது வயதைத் தொடுமுன்பே, ஸ்டேட் வங்கியின் தலைவரானார்.

அவரைப் பற்றிப் பேச வந்தால் எல்லோரும் நேரே நெருக்கடி நிலைக் காலத்துக்குப் போய்விடுகிறார்கள். நான் அதற்கு முன்னால் கொஞ்சம் நின்று ரசிக்க ஆசைப்படுகிறேன். எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் வங்கியின் வேலைப் பிரிவினையையே மாற்றினார். அதுவரை கடன், டெபாசிட், பில் என்று வேலையை வைத்து மேசைகள் பிரிந்திருந்தன. இனி எதிரே நிற்பவர் யார் என்பதை வைத்துப் பிரியட்டும் என்றார்: விவசாயி, சிறுதொழில் செய்பவர், பெரிய நிறுவனம், தனிநபர். காகிதத்தில் இது வறட்டு நிர்வாக விஷயம். மரக்காணம் உப்பளத்தில் நின்று பார்த்தால்தான் இதன் அருமை புரியும். மழை ஓய்ந்ததும் வரப்பு கட்ட, பாத்தி திருத்தப் பணம் வேண்டும். வெயில் ஏற ஏறத்தான் உப்பு வாரலாம், காசைப் பார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் கையில் ஒன்றும் இராது. இப்படிப்பட்ட தொழிலுக்கு மில்காரருக்குப் போடுவதைப்போல மாதத் தவணை போடுபவர் கணக்கில் கெட்டிக்காரராக இருக்கலாம், மனிதரை அறிந்தவர் அல்ல. யாருக்குக் கடன் கொடுக்கிறோம் என்று முதலில் பார்க்கச் சொன்னதுதான் அந்தச் சீரமைப்பின் நயம்.

அவர் காலத்திலேயே, 1973-இல், ஸ்டேட் வங்கி லாபம் கருதாத சமூக சேவைப் பணியைத் தொடங்கியது. கிளைகளும் அலுவலகங்களும் தங்கள் வட்டாரத்து நற்பணிகளில் இறங்க வேண்டும் என்பது ஏற்பாடு. நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும் என்று சட்டம் வந்தது 2013-இல். நாற்பது ஆண்டு இடைவெளி! இன்று பெரிய அட்டைக் காசோலையைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுப்பவர்களைப் பார்க்கும்போது, கிளை ஊழியரையே தெருவில் இறங்கச் சொன்ன அந்த எண்ணம் எனக்கு ஒரு படி மேலாகத் தெரிகிறது.

இனி, எல்லோரும் சொல்லும் கதை. அது பரவலாகத் தெரிய வந்தது, ஸ்டேட் வங்கியில் வளர்ந்து பின்னாளில் ஐ.சி.ஐ.சி.ஐ. தலைவரான நாராயணன் வாகுல் எழுதியதால். நொடித்துப்போன ஒரு சிமென்ட் கம்பெனிக்குக் கைகொடுக்க வங்கி சம்மதித்தது. ஒரே நிபந்தனை: அதைக் கெடுத்த முதலாளி பொறுப்பிலிருந்து விலகி, தொழில் தெரிந்தவரிடம் நிர்வாகத்தை விட வேண்டும். முதலாளி, பிரதமரின் மகன் சஞ்சய் காந்தியிடம் ஓடினார். நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி அமைச்சரிடமிருந்து சொல் வந்தது. தல்வார் உடனே வீறாப்புக் காட்டவில்லை. விவரத்தை வரவழைத்து, தம் அதிகாரிகள் செய்தது சரிதானா என்று ஒருமுறை பார்த்தார். சரி என்று பட்டது. முடியாது என்று தெரிவித்தார்.

சஞ்சயை வந்து பாருங்கள் என்றார்கள். அவர் அரசியல் சட்டப்படி எந்தப் பதவியிலும் இல்லையே, நான் பதில் சொல்ல வேண்டியது அமைச்சருக்குத்தான் என்று நிறுத்திக்கொண்டார். இதில் வசை இல்லை, வீரவசனம் இல்லை. எவர் எந்த நாற்காலியில் இருக்கிறார் என்பதை மட்டும் சொன்னார். சரி, இவரை நீக்கிவிடலாம் என்றால் காரணமில்லாமல் நீக்கச் சட்டத்தில் வழி இல்லை. வேறொரு ஆணையத் தலைமையைக் காட்டி ஆசை காட்டினார்கள். தாராளமாக, வங்கி வேலையோடு சேர்த்து அதையும் பார்க்கிறேன் என்றாராம். இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஒரு துளி பணிவுகூடக் குறையாமல் கதவைச் சாத்திய அழகு அது.

கடைசியில் நாடாளுமன்றத்தில் சட்டத்தையே திருத்தினார்கள். 1976-இல் அவர் பொறுப்பை விட்டுப் போனார். பிறகு ஐ.டி.பி.ஐ. தலைவராகவும் இருந்தார். எந்த மேடையிலும் ஏறித் தம் வீரத்தைப் பேசி ஓட்டுக் கேட்கவில்லை. அமைதியாகப் புதுச்சேரிக்கு வந்து ஆசிரமத்து வாழ்வில் அமர்ந்துவிட்டார். 2002-இல் காலமானார்.

மூன்று மாத நோட்டீசோ அதற்கு ஈடான சம்பளமோ கொடுத்துத் தலைவரை எப்போது வேண்டுமானாலும் அனுப்பிவிடலாம் என்று அந்தத் திருத்தம் சொல்கிறது. அவர் ஒருவருக்காகக் கொண்டுவந்த அந்த விதி, ஸ்டேட் வங்கிச் சட்டத்தின் 20-ஆம் பிரிவில் இருக்கிறது.