ஐந்து ஸ்டாரும் ஒரு பிடி உப்பும்: ஏசி லேபிளில் இல்லாத எண்

போன சித்திரையில் மரக்காணத்தில் அம்மா வீட்டுக்கு ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி ஒன்று வாங்கினேன். ஐந்து ஸ்டார். வாங்குவதற்கு முன் இரண்டு வாரம் எக்செல் ஷீட் போட்டு, லேபிளில் இருக்கும் எண்களை எல்லாம் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வாங்கினேன். சாஃப்ட்வேர்காரன் புத்தி அப்படி. எண் இருந்தால் நம்பிவிடுவோம்.

ஒரு வாரம் கழித்து அம்மா போன் செய்தார். "குளுருதுடா, ஆனா ஒடம்பு காயல. தலகாணியே நசநசன்னு இருக்குது. இந்த ரூம்ல உப்பு வெச்சா கசிஞ்சிடும் போல." அதனால் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். 24-இல் நான் வைத்துவிட்டு வந்ததை 20-க்கு இறக்கிவிட்டாராம். இரண்டு மாத மின்கணக்கு 500 யூனிட்டைத் தாண்டியது. தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் கட்டுகிற எவருக்கும் அந்தக் கோட்டைத் தாண்டுவதன் பொருள் தெரியும். மேலே போன யூனிட்டுக்கு மட்டும் அதிகம் கட்டுவதோடு முடியாது, கீழ்ப்படிகளின் கணக்கும் சேர்ந்து மாறிவிடும்.

மெஷினில் கோளாறு இல்லை. கேஸ் சரி, ஃபில்டர் சரி. அப்படியானால் கோளாறு எங்கே? இந்தக் கேள்வியோடு சில மாதங்களாக லேபிளுக்குப் பின்னால் இருக்கும் கணக்கைப் படித்துக்கொண்டிருந்தேன். இது அந்த லேபிளைப் பற்றிய விமர்சனம். ரூம் ஹீட்டர் பற்றியும் எழுதச் சொன்ன நண்பர்கள் மன்னிக்க வேண்டும். மரக்காணத்தில் அந்தச் சாமானுக்கு வேலையே கிடையாது.

லேபிள் என்ன சொல்கிறது?

முதலில் கொடுக்க வேண்டிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். எரிசக்தித் திறன் பணியகம் (நாம் பிஇஇ என்று சொல்வது) 2002-இல் வந்தது. ஸ்டார் லேபிள் திட்டம் 2006-இல் தொடங்கியது. அதற்கு முன்பு கடைக்காரர் சொல்வதுதான் கணக்கு. இன்று ஸ்டார் பார்க்காமல் யாரும் ஏசி வாங்குவதில்லை. தரத்தையும் விடாமல் உயர்த்திக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஸ்ப்ளிட் ஏசிக்கு ஐந்து ஸ்டார் வாங்க 2018-இல் 4.5 போதும், 2022 ஜூலையில் அது 5.0 ஆனது. இது உண்மையான சாதனை. எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

அந்த 5.0 என்பதன் பெயர் ஐஎஸ்இஇஆர். ஒரு பருவம் முழுக்க ஏசி வெளியேற்றும் வெப்பத்தை, அது தின்னும் மின்சாரத்தால் வகுத்தால் வரும் எண். வருடத்துக்கு 1600 மணி நேரம் ஓடும் என்று வைத்துக்கொள்கிறார்கள். ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்றால் 200 நாள். நியாயமான அனுமானம்தான். வெளிவெப்பம் 24 டிகிரியில் தொடங்கி 43 வரை எத்தனை மணி நேரம் இருக்கும் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். நாட்டின் பல நகரங்களின் வானிலையைக் கலந்து செய்த பட்டியல் அது.

சோதனைக் கூடத்தில் அறையின் உள்ளே 27 டிகிரி, ஈரக்குமிழ் வெப்பநிலை 19 டிகிரி. வெளியே 35. மெஷினை முழுத் திறனிலும் பாதித் திறனிலும் ஓடவிட்டு அளக்கிறார்கள். மீதியைக் கணக்கில் நிரப்புகிறார்கள்: வெளியே 35 என்றால் முழுச் சுமை, வெப்பம் குறையக் குறையச் சுமையும் நேர்கோட்டில் குறையும்.

இந்த இரண்டு வரிகளில்தான் என் பிரச்சினை இருக்கிறது. உள்ளே 27, ஈரக்குமிழ் 19 என்றால் அறையின் ஈரப்பதம் 47 சதவீதத்துக்குப் பக்கம். அம்மாவின் அறை எந்த நாளிலும் அவ்வளவு காய்ந்து நான் பார்த்ததில்லை. அடுத்தது, "வெளியே வெப்பம் குறைந்தால் வேலை குறையும்" என்கிற அனுமானம். டெல்லிக்கு அது சரி. உப்பளக் கரைக்கு?

ஒரு கிலோ காற்றின் கதை

நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம், பிளஸ் டூ இயற்பியல் போதும். அறையை 26 டிகிரி, 55 சதவீத ஈரப்பதத்தில் வைக்க ஆசை என்று கொள்வோம். அந்த நிலையில் ஒரு கிலோ காற்றில் ஏறத்தாழ 11.6 கிராம் நீராவி இருக்கும்.

டெல்லியின் மே மாதப் பிற்பகல்: 42 டிகிரி, 15 சதவீதம். கதவிடுக்கு வழியே ஒரு கிலோ காற்று உள்ளே வருகிறது. அதில் இருக்கும் நீராவி 8 கிராமுக்கும் குறைவு. ஈரத்தை எடுக்க வேண்டியதே இல்லை. 16 டிகிரி இறக்கினால் போதும், சுமார் 16 கிலோஜூல் வேலை.

மரக்காணத்தின் இரவு: 29 டிகிரி, 85 சதவீதம். அதே ஒரு கிலோ காற்றில் 21.6 கிராம் நீராவி. வெப்பத்தில் இறக்க வேண்டியது 3 டிகிரிதான், 3 கிலோஜூல். ஆனால் 10 கிராம் தண்ணீரைக் காற்றிலிருந்து பிழிந்து எடுக்க வேண்டும். அதற்கு ஏறத்தாழ 25 கிலோஜூல்.

மூன்றுக்கு இருபத்தைந்து! உள்ளே நுழையும் காற்றைப் பொறுத்தவரை மரக்காணத்தின் இரவு டெல்லியின் மதியத்தைவிடக் கனமானது. சுவரும் கூரையும் கொண்டுவரும் சூடு தனிக்கணக்கு, அது டெல்லியில்தான் அதிகம். ஆனால் லேபிளின் நேர்கோட்டுக் கணக்கோ 29 டிகிரி இரவை "லேசான வேலை" என்கிற பெட்டியில் போட்டுவிடுகிறது.

இன்வெர்ட்டர் ஏசி அந்த லேசான வேலையை எப்படிச் செய்கிறது? கம்ப்ரஸரின் வேகத்தைக் குறைக்கிறது. மின்சாரம் குறைகிறது, மிச்சம்தான். ஆனால் உள்ளே இருக்கும் காயிலும் அவ்வளவு சில்லென்று இருப்பதில்லை. காற்றில் இருக்கும் ஈரம் தண்ணீராக மாறக் காயில் பனிநிலைக்குக் கீழே குளிர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் காற்று குளிரும், காயாது. அம்மா சொன்னதும் அதுதான்: குளுருது, ஆனா ஒடம்பு காயல.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. காயிலைப் பெரிதாக்கி, அதன் வெப்பநிலையைக் கொஞ்சம் ஏற்றி ஓட்டினால் திறன் எண் கூடும். ஈரம் எடுப்பது குறையும். லேபிளில் மொத்தக் குளிர்ச்சி ஒரே எண். அதில் எவ்வளவு வெப்பத்துக்கு, எவ்வளவு ஈரத்துக்கு என்று பிரித்துச் சொல்வதில்லை. ஆக, ஈரத்தை எடுக்காமல் விடுகிற வடிவமைப்புக்கு லேபிள் தண்டனை தருவதில்லை. சொல்லப்போனால் பரிசு தருகிறது.

உப்பு வைத்துப் பார்த்தேன்

அம்மாவின் வார்த்தையை அப்படியே சோதித்தேன். சாப்பாட்டு உப்பின் தெவிட்டிய கரைசல் மூடிய டப்பாவுக்குள் 75 சதவீத ஈரப்பதத்தைப் பிடித்து வைக்கும். விலை குறைந்த ஈரமானிகளைச் சரிபார்க்க உலகமெங்கும் பயன்படுகிற முறை இது. உப்பைத் தண்ணீரில் குழைத்து, ஈரமானியோடு ஒரு டப்பாவில் மூடி ஒரு நாள் வைத்தேன். 75-க்கு இரண்டு புள்ளி தள்ளிக் காட்டியது. அதைக் கழித்துக்கொண்டேன்.

அடுத்து, பக்கத்து உப்பளத்துக் கல்லுப்பில் ஒரு பிடி எடுத்துச் சாசரில் போட்டு அம்மாவின் கட்டிலருகே வைத்தேன். கல்லுப்பில் மெக்னீசியம் குளோரைடு கொஞ்சம் ஒட்டியிருக்கும். அது 33 சதவீதத்திலேயே ஈரத்தை உறிஞ்சத் தொடங்கும் பொருள். அதனால் கல்லுப்பு 75-க்கு முன்னதாகவே கசியும். காலையில் பார்த்தால் சாசரின் ஓரம் ஈரம். ஈரமானியில் வெப்பம் 24, ஈரப்பதம் எழுபதுக்கு மேல். ஏசி இரவு முழுக்க ஓடியிருக்கிறது, ஸ்க்ரீனில் 24 என்று பெருமையாகக் காட்டுகிறது, உப்பு கசிகிறது.

இதை இந்த ஊரில் விளக்க வேண்டிய அவசியமே இல்லை. கிழக்கே கடல், மேற்கே கழுவெளி, நடுவே உப்புப் பாத்திகள். மேல்காத்து அடிக்கும் நாளில் பாத்தி காயும், கடல்காத்து ஈரத்தோடு நின்றுவிட்டால் இழுக்கும். வெயில் மட்டும் உப்பு விளைவிக்காது, காற்று காய்ந்திருக்க வேண்டும் என்பது உப்பளத் தொழிலாளிக்குத் தெரியும். லேபிளை வடிவமைத்த கணக்குக்குத்தான் தெரியவில்லை.

24 என்கிற எண்

2020 ஜனவரியிலிருந்து ஸ்டார் லேபிள் உள்ள அறை ஏசிகள் ஆன் செய்தவுடன் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்பது விதி. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது பிஇஇ சொல்லும் கணக்கு. நல்ல விதி. ஆனால் அம்மா 24-இலிருந்து 20-க்கு இறக்கினார் அல்லவா? நான்கு டிகிரி. அதே கணக்குப்படி செலவு கால்பங்கு கூடுகிறது. 2022 ஜூலை விதிப்படி ஐந்து ஸ்டாரின் வாசல் 5.0, மூன்று ஸ்டாரின் வாசல் 3.8. இரண்டுக்கும் மின்செலவில் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அந்த வித்தியாசத்துக்காக நான் கூடுதலாகக் கொடுத்த பணத்தில் பெரும்பகுதியை ஈரம் தின்றுவிட்டது.

"மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை, 18-இல் வைக்கிறார்கள்" என்று கட்டுரைகளில் படிக்கும்போது இப்போது எனக்குக் கோபம் வருகிறது. அம்மாவுக்கு விழிப்புணர்வு இல்லாமல் இல்லை. ரிமோட்டில் ஈரத்துக்கென்று எண் கிடையாது. இருக்கிற ஒரே எண்ணை அவர் திருப்பினார்.

என் பங்கு தப்பு

எல்லாவற்றையும் லேபிள் தலையில் கட்டுவது நியாயமில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு ஒன்றரை டன் அதிகம். பெரிய மெஷின் சீக்கிரம் குளிரவைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளும், ஈரம் அப்படியே நிற்கும். ஒரு டன் நின்று நிதானமாக ஓடியிருக்கும். கதவுக்கடியில் விரல் நுழையும் இடுக்கு இருந்தது, அதையும் நான் பார்க்கவில்லை.

பிறகு செய்தவை எளியவை. இடுக்கை ரப்பர் பட்டையால் அடைத்தோம். ஏசியின் உள்விசிறியைக் குறைந்த வேகத்தில் வைத்தோம். காற்று காயிலில் நின்று போனால் ஈரம் கூடுதலாக வடியும். படுக்கப் போகும் முன் ஒரு மணி நேரம் டிரை மோட். 30 வாட் சுற்றில் ஓடும் பிஎல்டிசி மின்விசிறி ஒன்று. இப்போது 26-இல் தூங்குகிறார். அடுத்த மின்கணக்கு 500-க்குக் கீழே வந்தது. உப்பு முற்றிலும் காய்ந்திருக்கிறதா என்றால் இல்லை, ஆனால் ஓரம் கசிவதில்லை.

முடியாத காரியமா?

லேபிளில் ஈரத்தைச் சேர்ப்பது சிக்கலானது, மக்களுக்குப் புரியாது என்று சொல்லலாம். ஐரோப்பிய ஏசி லேபிளில் வெப்பமூட்டும் திறனை மூன்று தட்பவெப்ப மண்டலங்களுக்குத் தனித்தனியாக வரைபடத்தோடு போடுகிறார்கள். நம் நாட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. இந்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2018-இல் அறிவித்த குளோபல் கூலிங் பிரைஸ் போட்டியில் நிபந்தனையே 27 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, 60 சதவீத ஈரப்பதத்துக்கு மேலும் போகக் கூடாது என்பதுதான். வெற்றி பெற்ற இரண்டு அணிகள் 2021-இல் அறிவிக்கப்பட்டன. ஈரத்தையும் வெப்பத்தையும் சேர்த்து அளக்க முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

வீடுகளுக்கான எக்கோ நிவாஸ் சம்ஹிதா (2018) இந்த விஷயத்தில் லேபிளைவிடப் புத்திசாலி. அது நாட்டைத் தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரிக்கிறது. நம்முடையதைப் போன்ற வெப்ப ஈர மண்டலத்தில், திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் அது 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைகளுக்கு. அதாவது இரண்டேகால் கிரவுண்டு. மரக்காணத்தில் எத்தனை வீடு அப்படி? உப்பளத் தொழிலாளி குடியிருக்கும் ஷீட் கூரை வீட்டை லேபிளும் எட்டவில்லை, சம்ஹிதாவும் எட்டவில்லை. 2019-இன் இந்தியக் குளிரூட்டல் செயல்திட்டம், 2037-38-க்குள் குளிரூட்டும் தேவையை 20 முதல் 25 சதவீதம் குறைப்பதாகச் சொல்கிறது. அந்தக் கணக்கில் முதலில் வர வேண்டியது அந்தக் கூரைதான். ஒரு வெள்ளைப் பூச்சு, ஒரு கீற்று நிழல்.

நான் கேட்பது ஒரே ஒரு வரி. வெளியே 29 டிகிரி, 85 சதவீதம் இருக்கும் இரவில், இந்த மெஷின் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை லிட்டர் தண்ணீரை வடிக்கும்? கடலோரத்தில் ஏசி வாங்கப் போகிறவர்கள் கடையில் இதைக் கேட்டுப் பாருங்கள். நான் மூன்று கடைகளில் கேட்டேன். ஒருவர் ஏசியில் லீக்கேஜா சார் என்றார்.