பாணர் கைத் தூண்டில்

சங்க இலக்கியம் பயிலும் மாணவனுக்குப் பாணன் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது யாழ். அடுத்து வருவது வறுமை. வள்ளலை நாடிச் சுரங்கடக்கும் இரவலன், பரிசில் பெற்று மீள்பவன், பரத்தையிற் பிரிந்த தலைவனுக்கு வாயிலாக வந்து தலைவியாற் கடிந்துரைக்கப்படுபவன் ஆகிய மூன்று கோலங்களிலேயே அவன் நமது பாடநூல்களில் உலவுகின்றான். நான்காவது கோலமொன்றும் அவனுக்கு உண்டு. நீர்க்கரையில் மூங்கிற் கோலுடன் நின்று, இரை கோத்த தூண்டிலை எறிந்துவிட்டு மீனுக்காகக் காத்திருக்கும் பாணன் அவன். இக்கோலத்தை நமது திறனாய்வாளர் அறியாதவரல்லர். அறிந்தும் அதற்கு உரிய இடத்தை அளித்தாரல்லர் என்பதே இக்கட்டுரையின் முறைப்பாடு. நீரை நயந்து வாழ்ந்த ஒரு நாடோடிக் குடியின் அன்றாட வாழ்வு பாட்டுகளிற் பதிந்து கிடக்க, அக்குடியை இரந்துண்ட குடியாகவே நாம் மதிப்பிட்டு வந்திருக்கின்றோம்.

இம்மதிப்பீடு எவ்வாறு உருவாயிற்று என்பதைச் சிறிது நோக்குதல் வேண்டும். பேராசிரியர் க. கைலாசபதி 1968 ஆம் ஆண்டு ஒக்ஸ்போர்ட் பதிப்பகத்தின் வாயிலாக வெளியிட்ட, தமிழ் வீரயுகப் பாடல்கள் பற்றிய ஆங்கில நூல், பாணரைக் கிரேக்க வீரயுகப் பாடகரோடு ஒப்பவைத்து நோக்கியது. வாய்மொழிப் பாடல் மரபை நிறுவுவதே அந்நூலின் நோக்கமாதலால், பாடுகின்ற பாணனே அங்கு முன்னிற்கின்றான். 1975 இல் வெளிவந்த நூலில் ஜோர்ஜ் ஹார்ட், அணங்கு என்னும் அச்சந்தரும் ஆற்றலைக் கையாண்ட தாழ்நிலைக் கலைஞராகப் பாணரைக் கண்டார். இருவர் நோக்கும் பயன் தந்தவையே. எனினும் ஒருவருக்குப் பாணன் குரலாகவும் மற்றவருக்கு அவன் சடங்காகவும் அமைந்துவிட்டமையால், அவன் எதை உண்டான், அதனை எங்கிருந்து பெற்றான் என்ற எளிய வினா பின்தள்ளப்பட்டது. அரண்மனை வாயிலே அவ்வினாவுக்கு விடையென நாமும் கொண்டுவிட்டோம்.

அகப்பாட்டுகள் தரும் விடை வேறு. அகநானூற்றின் 216 ஆம் செய்யுளில் ஐயூர் முடவனார் காட்டும் பாண்மகள், மெல்லிய கோலில் நாண் கட்டித் தானே மீன் பிடிக்கின்றாள். பிடித்த வராலை வஞ்சி விறகிற் சுட்டு, கள்ளுண்டு களித்திருக்கும் தந்தைக்கு ஊட்டுகின்றாள். இங்கே வள்ளல் எவனும் இல்லை. அவர்கள் பசி தீர்க்க ஆறு போதுமானதாயிருக்கின்றது. அதே தொகையின் 196 ஆம் செய்யுளில் பரணர் வேறொரு விடியலைக் காட்டுகின்றார். காலைத் துறையிற் கிடைத்த பெரிய வராலைத் துண்டமிட்டு விற்று, வந்ததைக் கள்ளாக்கி உண்டு ஆடி, மறுநாள் வேட்டத்தை மறந்து ஆடவர் உறங்குகின்றனர். அவர்களுக்கு ஆம்பலின் அகன்ற இலையிலே சோற்றுத் திரளை இட்டு, பிரம்பின் புளித்த பழத்தைச் சேர்த்து வைகறையிற் பரிமாறுகின்றாள் ஒருத்தி. அவளைப் பரணர் 'பாட்டி' என்கின்றார். அச்சொல் பாண்குலப் பெண்ணைக் குறிப்பது. இக்காலப் பொருளை வைத்துக்கொண்டு மூதாட்டியொருத்தியைக் கற்பனை செய்வோர் செய்யுளின் சுவையை இழப்பர். உணவு, உணவுக்கலம், புளிப்பு, மீன் அனைத்தும் நீரிலிருந்தும் நீர்க்கரையிலிருந்துமே வருகின்றன என்பது நோக்கற்பாலது. சோற்றுக்குரிய அரிசி ஒன்றே வயலிலிருந்து வரவேண்டியது. அது வந்த வழியை ஐங்குறுநூறு கூறுகின்றது.

ஐங்குறுநூற்றின் மருதப் பகுதியை ஓரம்போகியார் பாடினார். அதன் 47, 48, 49 ஆம் செய்யுள்களில் பாண்மகள் தலையில் வட்டியுடன் உழவர் மனைக்கு வருகின்றாள். கெடிற்றைச் சொரிந்த வட்டி நிறைய மனையோள் பயறு இடுகின்றாள். வராலைச் சொரிந்த வட்டியில் ஆண்டு கழிந்த பழைய வெண்ணெல் இடுகின்றாள். மூன்றாவதில் சில மீனுக்குப் பல நெல் கிடைக்கின்றது. உள்ளுறை காண்போர், சிறிது கொடுத்துப் பெரிது பெறும் இவ்வணிகத்தைத் தலைவனின் ஒழுகலாற்றுக்குப் பொருத்திக் காட்டுவர்; அது தகும். ஆனால் உள்ளுறையைக் கண்டவுடன் அதனைத் தாங்கி நிற்கும் காட்சியைக் கைவிட்டுவிடுவது நமது வகுப்பறைகளின் பழக்கமாகிவிட்டது. மக்கள் நாள்தோறும் கண்ட காட்சியாக இல்லாதவிடத்து அஃது உள்ளுறைக்கு உதவியிராது. மீனுக்கு நெல் மாற்றுவது ஈகையன்று, பண்டமாற்று. மனையோள் வாசலில் நிற்கும் பாண்மகள் இரவலாட்டியல்லள், விலை பேசுபவள்.

அவள் விலை பேசுவதன் உச்சத்தை நக்கீரர் பாடிய அகநானூறு 126 இற் காணலாம். காவிரியின் ஆழ்ந்த கயம் கலங்குமாறு நள்ளிரவிற் சென்று தமையன்மார் பிடித்துவந்த வாளையை அவள் விற்கின்றாள். கள் மலிந்த தெருவில் அவளுக்குப் பழஞ்செந்நெல்லை முகந்து கொடுக்கின்றனர். அவள் அதனை ஏற்கவில்லை. கழங்குக் காய் அளவான முத்தும் அணிகலமும் பெறுகின்றாள். எவ்வியின் நாட்டு வளத்தைப் புகழும் உயர்வு நவிற்சி இதில் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் 'இந்த நெல் வேண்டாம்' என மறுக்கும் உரிமை ஒரு பாண்மகளுக்கு உண்டு எனக் கேட்போர் நம்பினாலன்றி அந்நவிற்சி எடுபட்டிராது. புறப்பாட்டுகளில் கொடுத்ததைக் கொள்ளும் குடி, அகப்பாட்டில் கொடுப்பதை மறுக்கின்றது.

மீன் பிடித்த பாணரும் யாழ் மீட்டிய பாணரும் ஒரே குடியினரா என்னும் ஐயம் இங்கு எழும். நச்சினார்க்கினியர் தொல்காப்பிய உரையில் இசைப்பாணர், யாழ்ப்பாணர், மண்டைப்பாணர் எனப் பாணரை வகுத்துள்ளமையால், மீன்பிடித்தோர் வேறொரு பிரிவினர் என எளிதில் தப்பிவிடலாம். செய்யுள்கள் அவ்வாறு தப்பவிடவில்லை. மேற்கூறிய ஐங்குறுநூற்று 47 ஆம் செய்யுளில் தொடக்கத்திலே மீன் விற்கும் பாண்மகள் வருகின்றாள். முடிவிலே தலைவனுடைய பொய்கூறும் பாணன் வருகின்றான். சில அடிகளே கொண்ட ஒரு செய்யுளில் ஒரே குடிப்பெயர் இரு வேறு குடிகளைக் குறித்ததெனக் கொள்வதற்கு வலிந்த காரணம் வேண்டும். பெரும்பாணாற்றுப்படையோ யாழேந்திய பாணனைத் தொண்டைமான் இளந்திரையனிடம் ஆற்றுப்படுத்தும் பாட்டு. அப்பாட்டினுள்ளேயே, பச்சூன் நிறைத்த தோற்பையோடு நெடிய மூங்கில் தூண்டிலை ஏந்திய பாண்மகன் ஒருவனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் நிறுத்துகின்றார். அவன் இரையைக் கவ்விக்கொண்டு தப்பிய வாளை, பின்னர் கரையோரத்துப் பிரம்பின் நிழல் நீரில் அசைவதைக் கண்டும் தூண்டிற்கோல் என்று அஞ்சுகின்றது. இத்துணை நுண்மையான காட்சி, மீன்பிடித்தலை அருகிருந்து கண்டவர்க்கே வாய்க்கும். வழிநடைப் பாணன் அதனைக் கேட்டு, தன் இனத்தான் ஒருவனையே அங்குக் கண்டிருப்பான் என நான் கருதுகிறேன்.

இன்னொரு சான்று 'மண்டை' என்னும் கலம். அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலையில் (புறநானூறு 235), அவன் மார்பிற் பாய்ந்த வேல் பாணருடைய அகன்ற மண்டையையும் துளைத்துச் சென்றதாகக் கூறப்படுகின்றது. கொடையை ஏந்திய கலம் அது. குறுந்தொகை 169 இல் வெள்ளிவீதியார் காட்டும் தலைவி, தன் வாழ்வு பாணர் பசுமீன் சொரிந்த மண்டைபோல வெறுக்கத்தக்கதாகுக என்கின்றாள். இங்கு அதே கலம் புலால் நாறுகின்றது. புறம் பயில்வோர் முதல் மண்டையையும் அகம் பயில்வோர் இரண்டாவதையும் படிக்கின்றனர். இரு பாடங்களும் வெவ்வேறு நாள்களில் நடைபெறுவதால் அஃது ஒரே மண்டை என்பது எவர் கண்ணிலும் படுவதில்லை! காலையில் மீனும் மாலையிற் கொடைச்சோறும் கொண்ட ஒரு கலத்தை ஏந்திய குடியை, மாலைக் காட்சியை மட்டும் கண்டு இரவலர் என எழுதிவைத்தோம்.

இனி அவர்தம் அலைவு பற்றிய வினா. மதுரைக்காஞ்சியும் புறநானூற்று 348 ஆம் செய்யுளும் மீன் சீவும் 'பாண்சேரி'யைக் குறிப்பிடுகின்றன. சேரி உண்டெனின் அவர்களை நாடோடிகள் என்பது எங்ஙனம் பொருந்தும்? இவ்விடத்து வன்னிநிலத்து மாணவன் ஒருவனுக்குத் தன் ஊர்க் குளம் ஓரளவு துணைசெய்கின்றது. மாரியில் நிறைந்து கலிங்கு பாயும் குளம், சிறுபோகத்துக்குத் துருசு திறக்கப்பட்ட பின்னர் இறங்கத் தொடங்கும். ஆடி, ஆவணியில் அலைகரை வெளித்துச் சேறு வெடித்துக் கிடக்கும். வற்றுகின்ற குளத்தில் விரால் மலிவு. வற்றிய குளத்தில் ஒன்றுமில்லை. நீரை நம்பியவனுக்கு ஊர் இருக்கும். ஆண்டு முழுவதும் அவ்வூரில் உணவு இராது. சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை ஆகிய இரண்டும் வேனிலின் கொடுமையைக் கூறியே தொடங்குகின்றன. சிறுபாணாற்றுப்படையில் உப்பில்லாமல் வேளைக் கீரையை அவித்து உண்ணும் குடும்பத்தின் வறுமை புகழ்பெற்றது. அதனை நாம் பாணரின் நிலையான வறுமையாகக் கொள்கின்றோம். நீர் வற்றிய பருவத்தின் வறுமையாக அதனைக் கொண்டால், யாழைத் தூக்கிக்கொண்டு வழிக்கொள்ளுதல் பருவந்தோறும் நிகழும் ஒரு பெயர்வாகத் தோன்றும். செய்யுள்கள் இதனை வெளிப்படக் கூறவில்லை. இஃது என் ஊகமே. ஆயினும் சேரியையும் சுரத்தையும் ஒருங்கு விளக்குவதற்கு இதனினும் எளிய வழி எனக்குத் தோன்றவில்லை. நாயாறு, கொக்கிளாய் ஆகிய கரைகளுக்குத் தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் மேற்குக் கரையிலிருந்து வந்து, வாடி அமைத்துத் தொழில் செய்து, பருவம் மாறத் திரும்பும் மீனவரை வீடற்றோர் என எவரும் கூறுவதில்லை. நீருக்குப் பின்னே போதலும் ஒரு குடியிருப்பு முறைதான். ஐங்குறுநூற்றின் நெய்தற் பகுதியில் (செய்யுள் 111) அம்மூவனார் காட்டும் பாணன் ஆற்றிலன்றிக் கடற்கழியிலே தூண்டிலிடுகின்றான் என்பதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

இதனை வலியுறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2009 ஆம் ஆண்டில் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முட்கம்பி வேலிக்குள் அடைபட்டு, உணவுக்கும் நீருக்கும் வரிசையில் நின்றனர். அவர்களில் எத்தனையோ பேர் குளத்துக்குக் கீழே வயல் செய்தவர்கள், முல்லைத்தீவுக் கடலில் வலை வீசியவர்கள். அவ்வரிசையை மட்டும் கண்டு எழுதும் ஒருவன் வன்னி மக்களைக் கையேந்தும் மக்கள் என்றே எழுதுவான். அவன் கண்ட காட்சி பொய்யன்று. அவர்கள் கையில் முன்னர் இருந்தது யாதென அவன் கேட்கவில்லை. ஆற்றுப்படைகளை மட்டும் வைத்துக்கொண்டு பாணரின் சமூக வரலாறு எழுதுவோர் செய்வதும் அதுவே.

யாழ்ப்பாணம் என்ற பெயருக்குக் காரணமாகக் கூறப்படும் கதையிலும் இக்குறை தொடர்கின்றது. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை, பார்வையற்ற யாழ்ப்பாணன் ஒருவன் அரசனிடம் மணற்றிடரைப் பரிசாகப் பெற்ற கதையைக் கூறுகின்றது. யாழ் உண்டு, அரசன் உண்டு, பரிசில் உண்டு. முப்புறமும் கடலும் கழியும் சூழ்ந்த நிலத்தைப் பெற்ற பாணன் நீரோடு என்ன செய்தான் என்பது மட்டும் கதையில் இல்லை.

ஒன்றை மறைத்தல் கூடாது. நாம் எடுத்துக்காட்டிய செய்யுள்கள் எவையும் மீன் பிடித்த பாணர் தம்மைப் பற்றித் தாமே கூறியவையாகத் தோன்றவில்லை. அவர்களை மருத நிலத்தின் அழகுக்காகவும் ஒப்புமைக்காகவும் புலவர்கள் எடுத்தாண்டனர். கள்ளுண்டு தூங்கும் ஆடவரைப் பரணர் பாடும்போது அதில் ஒரு புன்னகை ஒளிந்திருக்கின்றது. புலால் மண்டையை வெள்ளிவீதியார் உவமையாக்கும்போது அதில் அருவருப்பு வெளிப்படுகின்றது. இவ்விரண்டும் கரையில் நின்று பார்ப்போரின் உணர்வுகள். நீரில் இறங்கியவர்களின் பேச்சுக்கு மிக அருகில் நாம் செல்வது அகநானூறு 126 இலேதான். அங்கும் பாண்மகள் என்ன சொற்களால் நெல்லை மறுத்தாள் என்பதை நக்கீரர் கூறவில்லை. அவள் இனிய சொல்லினள் என்று மட்டும் கூறி, முத்தை அவள் கையிற் கொடுத்துவிட்டு, எவ்வியின் புகழுக்குப் போய்விடுகின்றார்.