அலைச் செய்தியும் ஒலிபெருக்கியும்

கடலோர மக்களிடம் அறிவியலைக் கொண்டுசேர்க்கும் முயற்சிகளைப் பற்றி எழுதியவர்களில் பலர் கருவிகளிலேயே நின்றுவிடுகிறார்கள். செய்தி யார் காதில் விழுந்தது, யார் காதில் விழவில்லை என்ற கேள்வி பின்வரிசையில் கிடக்கிறது.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரி வட்டாரத்தில் தொடங்கிய கிராமத் தகவல் மையங்களில் அந்தக் கேள்வி தொடக்கத்திலேயே இருந்தது. மையம் அமையும் இடத்துக்குள் எல்லாச் சாதியினரும் பெண்களும் தடையின்றி வந்துபோக வேண்டும் என்பது நிபந்தனை. கணினி வாங்குவதைவிட இது கடினம் என்பது நம் ஊர்களை அறிந்தவர்களுக்குத் தெரியும். வீராம்பட்டினம் மையத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வரும் அலை உயரக் கணிப்பைத் தமிழாக்கி ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருப்பவர் கைவேலையை நிறுத்தாமலே கேட்கலாம். படிக்கத் தெரியாதவரும் கேட்கலாம். காது கேளாதவருக்கு மட்டும் அது உதவாது.

2004 டிசம்பர் 26 காலை. சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் சுனாமி பற்றித் தொலைபேசியில் எச்சரித்ததும், இதே போன்ற மையம் இருந்த நல்லவாடு கிராம மக்கள் பூட்டிக் கிடந்த அந்த மையத்தை உடைத்துத் திறந்து, ஒலிபெருக்கியில் சொல்லி ஊரை வெளியேற்றினார்கள். சுனாமிக்கென்று யாரும் அதை அங்கே வைக்கவில்லை. அன்றாடச் செய்திக்குப் பழகிய கருவி ஆபத்துக்கும் உதவியது.

2017 ஒக்கிப் புயலில் நடந்தது வேறு. கரையில் எச்சரிக்கை வந்தபோது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போன படகுகள் ஆழ்கடலில் இருந்தன; அங்கே கைபேசிக்குச் சிக்னல் கிடையாது. அந்த இடைவெளியை அடைக்க 2019-இல் ஜெமினி என்ற கருவி வந்தது. செயற்கைக்கோள் வழியாக வரும் செய்தியை வாங்கிக் கைபேசிக்குத் தரும். ஆனால் அதன் வழியே படகிலிருந்து பதில் அனுப்ப முடியாது.

பதில் சொல்ல இடமில்லாததுதான் இந்தத் துறையின் பெருங்குறை என்பேன். காற்று எத்தனை கிலோமீட்டர் வேகம் என்று அறிக்கை சொல்கிறது. ஆனால் கரையலையைத் தாண்டும் சில நிமிடங்களில்தான் சிறுபடகு கவிழும் ஆபத்து அதிகம். அந்த இடத்தைப் பற்றி அறிக்கையில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. வாடை, கொண்டல் காற்றுகளையும் நீவாடு என்னும் கடல் நீரோட்டத்தையும் பார்த்துத் தொழில் செய்கிறவரிடம் கேட்டிருந்தால் முதலில் அதைத்தான் சொல்லியிருப்பார். திருவனந்தபுரம் கரையில் இயங்கிய ரேடியோ மான்சூன் என்ற முயற்சி அப்படிக் கேட்டது. பாம்பனில் 2016-இல் தொடங்கிய கடல் ஓசை சமுதாய வானொலியும் மீனவர் குரலுக்கு இடம் தருகிறது.

மீன் விற்கும் பெண்களை இந்த முயற்சிகளில் பெரும்பாலானவை கணக்கிலேயே எடுக்கவில்லை. நாளை படகு போகாது என்றால் ஏலமில்லை. வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் நிற்காது. வானிலை அறிக்கை எழுதுகிறவர்கள் அடுத்த பருவம் தொடங்குமுன் ஒரு விடியற்காலை ஏலக் கூடத்துக்குப் போய், என்ன தெரிய வேண்டும், எத்தனை மணிக்குத் தெரிய வேண்டும் என்று அவர்களிடம் கேட்கட்டும்.