ஒயருக்கு வலிக்காமல் ஒரு கட்டு

மெழுகு நூல் ஒரு கண்டு, வெல்க்ரோ நாடா ஒரு சுருள், ஒயரைச் சுருட்டத் தெரிந்த இரண்டு கைகள். இவை இருக்கிற வீட்டில் ஒயர்ச் சிக்கல் என்ற பேச்சுக்கே இடமில்லை. இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்கு அலுப்பதே இல்லை. ஆம்ப்ளிஃபையர் அசெம்பிள் செய்வது என் பொழுதுபோக்கு. பெட்டியில் பாட்டு எப்படி வருகிறது என்று எல்லோரும் கேட்பார்கள். மூடியைத் திறந்து, உள்ளே ஒயர் எப்படி ஓடுகிறது என்றும் ஒருமுறை பாருங்கள் என்பேன் நான். அந்த அழகுக்கு ஈடாக ஒன்றை இதுவரை நான் பார்த்ததில்லை.

மெழுகு நூலிலிருந்தே தொடங்குகிறேன். மனசு அங்கேதான் இருக்கிறது. தந்தி, டெலிபோன் காலத்து வேலை இது. ஒரே திசையில் போகும் ஒயர்களை ஒன்றுசேர்த்து அடுக்கி, மெழுகேற்றிய நூலால் சீரான இடைவெளியில் முடிச்சுப் போட்டுக்கொண்டே போவார்கள். 'லேஸிங்' என்று பெயர். அந்தக் காலத்தில் பருத்தி நூலும் லினன் நூலும். இப்போது நைலான், பாலியஸ்டர், சூடு அதிகமான இடத்துக்கு டெஃப்லான், நோமெக்ஸ் என்று தட்டை நாடாக்கள் வந்துவிட்டன. தட்டையாக இருப்பதில்தான் சூட்சுமம். மெல்லிய உருண்டை நூலை இறுக்கினால் இன்சுலேஷனில் பதிந்து வெட்டும். தட்டை நாடா பரவி உட்காரும், மெழுகு முடிச்சை வழுக்க விடாது.

செய்முறையைப் பார்த்தால் பூ கட்டுவது போலத்தான். முதலில் ஒரு கெட்டியான முடிச்சு. பிறகு நூலைக் கற்றையோடு ஒட்டி ஓரிரு அங்குலம் ஓடவிட்டுக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, ஒரு சுற்றுச் சுற்றி நுழைத்து இழுக்க வேண்டும். மறுபடி ஓரிரு அங்குலம், மறுபடி ஒரு சுற்று. ஓர் ஒயர் கற்றையிலிருந்து பிரிந்து போகும் இடம் வந்தால், பிரிவுக்கு முன்னால் ஒரு முடிச்சு, பின்னால் ஒரு முடிச்சு. பழகிய கைக்கு ஒரு தாளம் வந்துவிடும்.

இந்தச் சுற்றில் ஒரு ரகசியம் இருக்கிறது. நுழைக்கும்போது நூல், முன்பு ஓடவிட்ட இழைக்கு மேலே போகிறதா அடியில் போகிறதா என்பதைப் பொறுத்து இரண்டு வகைச் சுற்று உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். சோதித்துப் பார்க்க எளிய வழி: நான்கு பென்சில்களைச் சேர்த்துப் பிடித்து இதேபோல் கட்டுங்கள். பிறகு பென்சில்களை மட்டும் உருவிவிடுங்கள். ஒரு வகையில் நூல் வெறுமனே நேராகிவிடும், முடிச்சென்று எதுவுமே மிஞ்சாது. இன்னொரு வகையில் வரிசையாக முடிச்சுகள் நூலிலேயே நிற்கும். இந்த இரண்டாவதுதான் வேண்டியது. மாலுமிகள் பாயைச் சுருட்டிக் கட்டப் பயன்படுத்திய முடிச்சு அது, 'மார்லின் ஹிட்ச்' என்பார்கள். நடுவில் ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்ற முடிச்சுகள் தன் பாட்டுக்குப் பிடித்துக்கொண்டிருக்கும். முதல் தடவை பென்சிலை உருவி அந்த முடிச்சு வரிசையைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட பரவசத்தை எப்படிச் சொல்வது? அன்று வீட்டில் கையில் கிடைத்ததையெல்லாம் கட்டிப் பார்த்தேன்.

இது ஏதோ பழங்காலத்து வித்தை என்று நினைக்க வேண்டாம். 2012 ஆகஸ்டில் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தியின் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒயர்க் கற்றைகளின் மேல் ஒழுங்காக நூல் முடிச்சுகள் தெரியும். கோடிக்கணக்கான கிலோமீட்டர் தாண்டிப் போகிற யந்திரத்துக்கு நாசாக்காரர்கள் நம்பியது கைமுடிச்சை! ஒயர் வேலைக்கென்று நாசா வைத்திருக்கும் 8739.4 என்ற தரவிதியில் நூலால் கட்டும் முறைகளுக்குத் தனி இடமே உண்டு. காரணங்கள் எளியவை. எடை இல்லை என்றே சொல்லிவிடலாம். துருத்திக்கொண்டு பக்கத்து ஒயரை உரசும் தலைப்பகுதி கிடையாது. எவ்வளவு இறுக்குகிறோம் என்பது விரலுக்குத் தெரியும்.

இந்த வேலையின் சிரமத்தைப் பார்த்துப் பிறந்ததுதான் நாம் எல்லோரும் வாங்கும் பிளாஸ்டிக் கேபிள் டை. 1956-இல் போயிங் விமானத் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்கப் போன மாரஸ் லோகன், அங்கே தொழிலாளர்கள் விமானத்தின் ஆயிரக்கணக்கான ஒயர்களை மெழுகு நூலால் விரல் தேயக் கட்டிக்கொண்டிருந்ததைக் கண்டார். அவர் வேலை பார்த்த தாமஸ் அண்ட் பெட்ஸ் கம்பெனி 1958-இல் 'டை-ராப்' என்ற பெயரில் கேபிள் டையைக் கொண்டுவந்தது. இன்று நாம் வாங்குவதில் ஒரு பக்கம் மட்டுமே நகரும் பல்வரிசை, நைலான் உடம்பு, ஒரு இழுப்பில் வேலை முடிந்தது. அந்த மனிதருக்கு என் மரியாதை எப்போதும் உண்டு. வெயில் படும் இடமென்றால் கறுப்பு நிற டை வாங்குங்கள். அதில் கலந்திருக்கும் கார்பன் புற ஊதாக் கதிரைத் தாங்கும். மிச்ச வாலை வெட்டும்போது தலையோடு ஒட்ட வெட்டுங்கள், இல்லாவிட்டால் அந்த முனை கையைப் பிளேடு மாதிரி கீறும்.

ஆனால் இன்டர்நெட் கேபிளுக்கு மட்டும் கேபிள் டை போடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். லேன் கேபிளுக்குள் நான்கு ஜோடி ஒயர்கள், ஒவ்வொரு ஜோடியும் தனித்தனி நெருக்கத்தில் முறுக்கப்பட்டிருக்கும். ஒரு ஜோடியின் சிக்னல் இன்னொன்றில் கசியாமல் இருப்பதே அந்த முறுக்குக் கணக்கால்தான். மேலே பிளாஸ்டிக் டையைப் போட்டுப் பல் கடிக்க இழுத்தால் உள்ளே வடிவம் நசுங்கும், கணக்குக் குலையும். வளைப்பதிலும் இதே கரிசனம் வேண்டும்: கேபிளின் குறுக்களவைப் போல் நான்கு மடங்குக்குக் குறைந்த வளைவு கூடாது என்பது பொதுவான விதி. ஆறு மில்லிமீட்டர் கேபிள் என்றால் வளைவின் ஆரம் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர். சுவர் மூலையில் மடித்து ஒட்டிவிட்டுப் போகிறார்களே, அதைப் பார்த்தாலே எனக்கு உடம்பு கூசும்.

லேன் கேபிளுக்கு வெல்க்ரோதான் ராஜா. சுவிட்சர்லாந்து இன்ஜினீயர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் 1941-இல் மலைப்பக்கம் வேட்டைக்குப் போய்த் திரும்பியபோது, தன் உடையிலும் நாயின் ரோமத்திலும் ஒட்டிக்கொண்டு வந்த ஒட்டுமுள்ளை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். நுனியில் குட்டிக் குட்டிக் கொக்கிகள். அங்கிருந்து வந்தது வெல்க்ரோ. ஒயருக்கென்றே ஒரு பக்கம் கொக்கியும் மறுபக்கம் வளையமுமாகச் சுருளாக விற்கிறார்கள். சென்னையில் ரிச்சி தெருவில் கேட்டால் கிடைக்கும். ஊரில் கிடைக்கவில்லையா, கவலை வேண்டாம். தையல் சாமான் கடையில் இரண்டு துண்டாக விற்கும் சாதாரண வெல்க்ரோவை வாங்கி முதுகோடு முதுகாகத் தைத்துக்கொண்டால் அதே பட்டைதான். புது ஒயர் ஒன்று வந்தால் பிரி, சேர், மறுபடி கட்டு. பிரிக்க வேண்டிய கட்டும் பிரிக்க வேண்டாத கட்டும் வேறு வேறு. ஆம்ப் பெட்டிக்குள் நூல், மேஜைக்கு அடியில் வெல்க்ரோ. இன்சுலேஷன் டேப்பால் மட்டும் கட்டாதீர்கள். நம் ஊர்ச் சூட்டில் பசை இளகி வழிந்து, ஒயர் முழுக்கப் பிசுக்காகிவிடும்.

கட்டுவதற்கு முன்னால் பிரித்து வைப்பது என்ற வேலை இருக்கிறது. எல்லா ஒயரையும் ஒரே கற்றையாகக் கட்டுவது ஒழுங்கு மாதிரி தெரியும், ஆனால் ஆம்புக்கு அது ஆகாது. கரண்டு ஒயரும் மைக், பிளேயர் சிக்னல் ஒயரும் பக்கத்துப் பக்கத்தில் நெடுந்தூரம் ஓடினால் 50 ஹெர்ட்ஸ் கரண்டு சிக்னலுக்குள் புகுந்து 'ம்ம்ம்' என்று ஹம்மிங் கேட்கும். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் ஏசி ஒயர் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கிவிடுங்கள். இரண்டிலும் எதிரெதிராக ஓடும் கரண்டின் காந்தப்புலம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கும். சிக்னல் ஒயருக்குத் தனிக் கற்றை, தனிப் பாதை. கடந்தே ஆக வேண்டிய இடத்தில் கூட்டல் குறி போட்டது மாதிரி நேர்க் குறுக்காகக் கடக்க வேண்டும். இப்படிக் கட்டிய பெட்டியை ஆன் செய்து, வால்யூமை ஏற்றி, ஸ்பீக்கரில் காதை வைத்தால் கேட்கும் அமைதி இருக்கிறதே, பாட்டு தொடங்குவதற்கு முன்பே எனக்குப் பாதிக் கச்சேரி கேட்டாகிவிடும்!

கட்டுவது போக, ஒயரைச் சுருட்டுவதை நான் கற்றுக்கொண்டது மார்கழிக் கச்சேரி முடிந்த ஒரு சபாவில், சவுண்ட் சர்வீஸ் பையன் ஒருவரிடம். நீளமான மைக் ஒயரைக் கண்மூடித் திறப்பதற்குள் சுருட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். "எப்படித் தம்பி இது?" என்று கேட்டேன். "ஒண்ணு வெளியே, ஒண்ணு உள்ளே சார். அவ்வளவுதான்" என்று, கையில் இருந்த ஒயரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மேடையில் வீசினார். ஒரு முறுக்கு இல்லாமல் நேராகப் போய் விழுந்தது.

முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் இடையே கயிறு சுற்றுவது போல் சுற்றும்போது, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒயருக்குள் ஒரு முழு முறுக்கு ஏறிக்கொண்டே போகிறது. உள்ளே இருக்கும் செப்பு இழைகள் நாளடைவில் அந்த முறுக்கிலேயே பழகி, ஒயர் பாம்பாக நெளிய ஆரம்பிக்கும். அந்தத் தம்பி செய்தது வேறு. ஒரு சுற்றை வழக்கம்போல் வளைத்து, அடுத்த சுற்றை மணிக்கட்டைத் திருப்பி உள்பக்கமாக மடித்து வைப்பது. முதல் சுற்றில் ஏறிய முறுக்கை இரண்டாவது சுற்று கழித்துவிடும். ஒயர் இயல்பாக எவ்வளவு வட்டமாக விழ விரும்புகிறதோ அந்த அளவுக்கே விட வேண்டும். ஒன்றில் மட்டும் கவனம்: பிரிக்கும்போது முனை சுருளுக்கு நடுவே நுழைந்துவிடக் கூடாது. நுழைந்தால் வரிசையாக முடிச்சு விழும். பென்சிலை உருவியபோது வந்த அதே முடிச்சுகள்! இரண்டும் ஒரே முடிச்சு என்று புரிந்த நாளில் நான் அடைந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

சுருட்டிய எக்ஸ்டென்ஷன் ஒயர் அழகாக இருக்கிறது என்பதற்காக அப்படியே வைத்து ஹீட்டரோ இஸ்திரிப்பெட்டியோ போட்டுவிடாதீர்கள். சுருள் காந்தமாகிச் சூடேறும் என்று சிலர் சொல்வார்கள், காரணம் அது இல்லை. போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் ஒரே கேபிளுக்குள் ஓடுவதால் காந்தப்புலம் கழிந்துபோகும். உண்மைக் காரணம், செம்பில் உண்டாகும் சூடு சுருளுக்குள்ளிருந்து வெளியேற வழியில்லாமல் தங்கிவிடுவது. வீட்டு ஒயரின் சாதாரண பிவிசி இன்சுலேஷன் 70 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். அதிக லோடு இழுக்கும் எக்ஸ்டென்ஷனை முழுதாகப் பிரித்துப் போட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

மேஜையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை மேஜையின் அடிப்பலகையில் ஸ்குரூ போட்டு மாட்டிவிட்டால், சுவர்ப் பிளக்குக்கு ஒரே ஓர் ஒயர்தான் இறங்கும். பெருக்கித் துடைக்கிறவர்கள் வாழ்த்துவார்கள். ஒவ்வொரு ஒயரின் இரண்டு முனையிலும் வெள்ளைப் பேப்பர் டேப்பை ஒட்டிப் பெயர் எழுதுங்கள். ஒரு முனையில் மட்டும் எழுதினால் பாதிப் பயன்தான். கருவியை முன்னால் இழுத்துப் பார்க்கும் அளவுக்குப் பின்பக்கம் கொஞ்சம் நீளம் விட்டுக் கட்டுங்கள்.

நூல் எங்கே கிடைக்கும் என்றுதான் எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள். தோல் தைக்கும் மெழுகு நூலில் தட்டையாக வருவதைக் கேட்டு வாங்குங்கள். சென்னையில் இருப்பவர்கள் பெரியமேட்டுத் தோல் சாமான் கடைகளில் விசாரிக்கலாம். ஒரு கண்டு வாங்கினால் வீட்டு வேலைக்கு வருஷக்கணக்கில் வரும். முதலில் பென்சிலில் பழகுங்கள், பிறகு டிவிக்குப் பின்னால் போங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொடங்குங்கள்.