எல்லையும் வாக்கும்

போர் ஓய்ந்தபின் எல்லைப்புற நிலம் யாருக்குரியது என்னும் வழக்கை, ஆங்கு வாழும் மக்களின் வாக்கினால் தீர்ப்பதே அறம் என்பர். கூற்று அழகியதே. ஆயினும் யார் வாக்களிப்பர், எந்நிலப்பரப்பை ஓர் அலகாகக் கொண்டு எண்ணுவர், நாள் குறிப்பவர் யார் என்பன வாக்குப் பெட்டி வைக்கப்படும் முன்னரே முடிவாகிவிடுகின்றன.

குடிகளைக் கேளாமலே எல்லை மாறுவது பேராக் மண்ணுக்குப் புதியதன்று. தெலுக் இந்தானுக்கு வடமேற்கே, லூமுட்டும் பங்கோர்த் தீவும் அடங்கிய டிண்டிங்ஸ் பகுதி, லாரூட் போர்களை அடுத்து 1874இல் கையெழுத்தான பங்கோர் உடன்படிக்கையால் பிரித்தானியர் வசமாயிற்று. 1935இல் பேராக்குக்கே மீண்டது. இருமுறையும் வாக்கெடுப்பு என்ற பேச்சே இல்லை.

கேட்டுச் செய்த இடமும் உண்டு. முதல் உலகப் போருக்குப்பின், 1920இல், ஜெர்மனிக்கும் டென்மார்க்குக்கும் இடைப்பட்ட சிலெஸ்விக் இரு மண்டலங்களாக வகுக்கப்பட்டது. வடமண்டலத்தில் நூற்றுக்கு 75 வாக்குகள் டென்மார்க்குக்கு. தென்மண்டலத்தில் 80 வாக்குகள் ஜெர்மனிக்கு. வடமண்டலம் முழுவதும் ஒரே அலகாக எண்ணப்பட்டமையால், ஜெர்மனியை விரும்பிய தோண்டர் நகரமும் டென்மார்க்குடன் சென்றது. கோடு வேறிடத்தில் விழுந்திருந்தால் அந்நகரின் கதியும் வேறாகியிருக்கும். எனினும் அவ்வெல்லை இன்றும் நிலைத்து நிற்கிறது. வாக்கெடுப்பு குறித்தபடி நடந்தமையே அதற்குப் பெருங்காரணம் எனலாம்.

தமிழர்க்கு நெருங்கிய வழக்கு இலங்கையின் கிழக்கு மாகாணம். ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் 1987 ஜூலை 29இல் ஒப்பமிட்ட உடன்படிக்கை, வடக்கையும் கிழக்கையும் தற்காலிகமாக இணைத்து, இணைப்பு நீடிப்பதா என்பதைக் கிழக்கின் மக்கள் 1988 டிசம்பர் 31க்குள் வாக்களித்து முடிவு செய்வர் என்றது. வன்செயலால் இடம்பெயர்ந்தோர்க்கும் வாக்குண்டு என்றது. இது போற்றத்தக்க விதி. துரத்தப்பட்டவனை விலக்கி எண்ணும் வாக்கு, துரத்தியவனுக்கே பரிசாகும் அன்றோ?

ஆனால் அதே ஏடு, வாக்கெடுப்பைத் தம் விருப்பப்படி ஒத்திவைக்கும் உரிமையைக் குடியரசுத் தலைவருக்கு வழங்கியது. வழக்காளி ஒருவரிடமே நாட்காட்டியை ஒப்படைத்த செயல் இது. முழு மாகாணமும் ஒரே அலகு, சாதாரணப் பெரும்பான்மையே போதும் என்பதும் ஆய்வுக்குரியது. 1981ஆம் ஆண்டுக் கணக்கின்படி கிழக்கில் தமிழர் நூற்றுக்கு ஏறத்தாழ 42, முஸ்லிம்கள் 32, சிங்களர் 25. எவரும் பாதியை எட்டாத மண்ணில் முஸ்லிம்களின் நம்பிக்கையைப் பெறாமல் இணைப்பு வெல்லுமாறு எங்ஙனம்? அந்நம்பிக்கையைத் தேடும் ஏற்பாடு எதையும் உடன்படிக்கை வகுக்கவில்லை.

போரும் ஓயவில்லை. 1987 அக்டோபரில் இந்திய அமைதிப்படையே புலிகளுடன் பொருதத் தொடங்கிற்று. வாக்கெடுப்பு ஆண்டுதோறும் தள்ளிப்போடப்பட்டது. 2006 அக்டோபர் 16இல் இலங்கை உச்ச நீதிமன்றம் இணைப்பைச் செல்லாதென அறிவித்தது. 2007 ஜனவரி முதல் நாள் மாகாணங்கள் பிரிந்தன. கிழக்கின் மக்கள் அந்த வினாவுக்கு ஒரு நாளும் வாக்குச் சீட்டைக் கையில் பெறவில்லை.