சொல்லாத கையும் சொல்லும் கலைஞரும்: திருவேட்டக்குடி வேடர் திருமேனியை முன்வைத்துப் படைப்புமுறை குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

ஓவியரும் சிற்பியரும் தம் படைப்புமுறையையும் அதற்குத் தூண்டுதலாக அமைந்தவற்றையும் கூறும் கூற்றுகள் தமிழ்க் கலைத்திறனாய்வில் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. அவ்வாறு எதையும் கூறாமல் மறைந்த செப்புத்திருமேனி வார்ப்பாளர்களின் பணியோ 'மரபு' என்ற ஒரு சொல்லில் அடக்கப்படுகிறது. இந்த வேறுபாடு ஏற்புடையதா என்பதைக் காரைக்கால் மாவட்டத்துத் திருவேட்டக்குடிக் கோயிலின் வேடர் திருமேனியை மையமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. கே.சி.எஸ். பணிக்கர், வை. கணபதி ஸ்தபதி ஆகியோரின் கூற்றுகள் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: திருவேட்டக்குடி, கிராதமூர்த்தி, மெழுகு வார்ப்பு, தாலமானம், படைப்புமுறை, சோழமண்டலம்.

முன்னுரை

ஒரு கலைஞர் தம் படைப்பு உருவான விதத்தைச் சொல்லும்போது அச்சொல் படைப்புக்கு உரையாகவும் அமைகிறது, படைப்பாளரின் தன்வரலாறாகவும் அமைகிறது. சென்னை ஓவியக் கல்லூரி வழிவந்த கலைஞர்களின் நேர்காணல்களும் கட்டுரைகளும் தன்வரலாறுகளும் இவ்வகையில் ஒரு வளமான தொகுதியாக உள்ளன. சிற்பி எஸ். தனபாலின் 'ஒரு சிற்பியின் சுயசரிதை' இதற்குத் தக்க சான்றாகும். இத்தொகுதியைக் கொண்டு இருபதாம் நூற்றாண்டுத் தமிழகக் கலை வரலாற்றை எழுதுவது எளிதாகிறது. ஆனால், கலைஞர் பேசினால்தான் படைப்புமுறை உண்டு, பேசாதவரிடம் பயிற்சி மட்டுமே உண்டு என்ற எண்ணமும் இதன் வழியே வேரூன்றிவிட்டது. முன்னவர் 'கலைஞர்' எனவும் பின்னவர் 'கைவினைஞர்' எனவும் வழங்கப்படுவதன் பின்னணியில் இவ்வெண்ணமே உள்ளது. சொல் கிடைக்காத இடத்தில் படைப்புமுறையை எங்கே தேடுவது என்பதே இக்கட்டுரையின் வினா.

திருவேட்டக்குடி: பதிகமும் தலக்கதையும்

காரைக்காலுக்கு வடக்கே, தரங்கம்பாடிக்குச் செல்லும் வழியில், கடலையொட்டி அமைந்த ஊர் திருவேட்டக்குடி. இங்குள்ள சிவன் கோயில் திருஞானசம்பந்தரின் பாடல்பெற்ற தலம். பதிகம் மூன்றாம் திருமுறையில் இடம்பெற்றுள்ளது. தெளிந்த அலைகள் பவளத்தைக் கரையில் எறிவதையும், திமிலில் செல்வோர் வலையால் மீன்வாரி வருவதையும், தாழை சூழ்ந்த கழிக்கானலையும் அப்பதிகம் காட்டுகிறது. பதிகத்தின் நிலம் முழுமையான நெய்தல்.

தலக்கதையோ குறிஞ்சிக்குரிய வேட்டையைச் சொல்கிறது. பாசுபதம் வேண்டித் தவமிருந்த அருச்சுனன் முன் சிவன் வேடனாக வந்த கிராதக் கதை இத்தலத்தோடு இணைக்கப்படுகிறது. இறைவி மீனவர் குலத்தில் தோன்றினாள் என்ற வழக்கும் உண்டு. நெய்தல் நிலத்தில் வேடன் நிற்பதற்கான காரணத்தை இவ்விரு கதைகளும் சேர்ந்து தருகின்றன. வில்லேந்திய வேடராக இறைவனும் வேட்டுவச்சியாக இறைவியும் கோயிலில் உலாத்திருமேனிகளாக உள்ளனர். மாசி மகத்தன்று இறைவன் கடற்கரைக்கு எழுந்தருள்கிறார். மீனவ மக்கள் அவரைத் தம் வீட்டு மருமகனாக எதிர்கொள்கின்றனர்.

எந்தக் கணம்?

கிராதக் கதையை உருவாக்க முனையும் சிற்பி முதலில் எதிர்கொள்வது கணத்தைத் தேரும் சிக்கலாகும். கதையில் பல கணங்கள் உள்ளன: பன்றியின் மீது இருவரும் அம்பெய்வது, இரை யாருடையது என்று வழக்கிடுவது, மற்போர் புரிவது, இறைவன் தன் உருவைக் காட்டிப் படைக்கலம் அருள்வது. மாமல்லபுரத்துப் பெரும் பாறைச் சிற்பத்தை அருச்சுனன் தவம் எனக் கொள்வோரும் கங்கை இறக்கம் எனக் கொள்வோரும் உளர். முதற்கருத்தை ஏற்றால், அங்குப் பல்லவச் சிற்பி தேர்ந்தது கடைசிக் கணம். நான்கு கைகளுடன், பூதகணம் சூழ, அருள்வழங்கும் இறைவனே அங்கு நிற்கிறார். வேடம் அதற்கு முன்பே களையப்பட்டுவிட்டது.

வேடர் திருமேனி தேர்ந்திருப்பது வேடம் களையப்படாத கணம். கதைக்குள் இருக்கும் அருச்சுனன் எதிரில் நிற்பவரை வேடன் என்றே எண்ணவேண்டும். கோயிலுக்குள் நிற்கும் அடியவரோ அவரை இறைவன் என்று அறியவேண்டும். ஒரே உருவம் ஒருவருக்கு மறைந்தும் மற்றவருக்கு வெளிப்பட்டும் நிற்கவேண்டும் என்ற இந்த முரண் பாரவி போன்ற காப்பியப் புலவருக்கு நேர்வதில்லை. அவர் பாடல்களின் வரிசையில் முதலில் மறைத்துப் பின்னர் வெளிப்படுத்தலாம். வார்ப்பாளருக்கு முன்னும் பின்னும் இல்லை. இரண்டையும் அவர் ஒரே உடலில் வைத்தாக வேண்டும். வில்லேந்திய சிவவடிவம் திரிபுராந்தகருக்கும் உரியதாதலால், வில் ஒன்றே வேடனை அடையாளப்படுத்திவிடாது. நிற்கும் நிலை, இடுப்பின் ஒசிவு, தலைக்கோலம், அணிகளின் அளவு ஆகியவற்றில்தான் முடிவு எடுக்கப்படவேண்டும்.

திருவெண்காட்டிலிருந்து கிடைத்துத் தஞ்சைக் கலைக்கூடத்தில் உள்ள இடபவாகனர் இவ்வகையில் ஒப்புநோக்கத்தக்கது. அத்திருமேனி சாய்ந்து நிற்பதற்குரிய காளை இப்போது அங்கில்லை. ஆயினும் மடிந்த கையும் சரிந்த உடலும் காளையைக் காண்பவரின் உள்ளத்தில் வருவித்துவிடுகின்றன. இல்லாத பொருளை உடலின் சாய்வால் உணர்த்தும் இத்திறனை எந்த அளவு நூலும் முழுமையாக வகுத்துவிட முடியாது. கி.பி. 1011ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டால் அதனைச் செய்வித்தவரை அறிகிறோம். வார்த்தவரின் பெயர் அதில் இல்லை.

அளவே கூற்றாகும்போது

வார்ப்பாளர் பேசவில்லை என்பது முழு உண்மையன்று. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் முதலாம் இராசராசன் காலத்தில் எழுந்தருளுவிக்கப்பட்ட செப்புத்திருமேனிகளைப் பாதம் முதல் கேசம் வரை முழத்தாலும் விரலாலும் அளந்து பதிவு செய்கின்றன. எத்தனை கைகள், பீடத்தின் உயரம் என்ன, கனமாக வார்த்ததா, பொள்ளலாக வார்த்ததா என்பனவும் அவற்றில் இடம்பெறுகின்றன. இது பட்டறையின் மொழி. அரண்மனைக் கணக்கர் இதனைக் கல்லில் ஏற்றினாலும் சொற்கள் வார்ப்பாளருடையவை. அக்கோயிலின் கல்வெட்டிலேயே குஞ்சரமல்லன் என்ற இராசராசப் பெருந்தச்சனின் பெயர் இடம்பெற்றிருப்பதும் நினைக்கத்தக்கது. கலைஞர்கள் அனைவரும் பெயரற்றவர் என்ற பொதுக்கூற்றை அப்பெயர் மறுக்கிறது.

சுவாமிமலைப் பட்டறைகளில் இன்றும் தென்னை ஓலை நறுக்கு ஒன்று திருமேனியின் உயரத்துக்கு வெட்டப்பட்டு, மடிப்புகளால் பகுக்கப்பட்டு அளவுகோலாகிறது. உத்தம தசதாலத்தில் உருவின் உயரம் 124 அங்குலமாகவும் மத்திம தசதாலத்தில் 120 அங்குலமாகவும் கொள்ளப்படும். இங்கு அங்குலம் என்பது அந்த உருவத்துக்கே உரிய பகுப்பு. அடிக்கோலின் அங்குலம் அன்று. தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்ந்த மெழுகில் உருவம் பிடிக்கப்படுகிறது. அதன்மேல் காவிரி வண்டல்மண் பூசப்பட்டுக் காய்ந்தபின் மெழுகு உருக்கி வெளியேற்றப்படுகிறது. அவ்விடத்தில் உலோகம் வார்க்கப்படுகிறது. உலோகம் ஆறியதும் மண்கரு உடைக்கப்படுகிறது.

இங்கு இரண்டு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, கரு உடைக்கப்படுவதால் எந்த இரண்டு திருமேனிகளும் ஒரே கருவில் பிறப்பதில்லை. 'மரபான படிநகல்' என்ற சொல் இம்முறையின் இயல்புக்கே முரணானது. இரண்டாவது, அளவு நூல் முகத்துக்கும் கழுத்துக்கும் மார்புக்கும் உரிய விகிதத்தைத் தருகிறது. மெழுகு கையின் சூட்டில் இளகியிருக்கும்போது உடல் எந்தப் பக்கம் எவ்வளவு சாயவேண்டும் என்பதைக் கைதான் முடிவு செய்கிறது. அந்த முடிவுக்குச் சொல் இல்லை. முடிவு இல்லை என்பது அதன் பொருளன்று.

பேசிய கலைஞர்கள்

கே.சி.எஸ். பணிக்கர் 1963இல் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை, எழுத்துகளையும் எண்களையும் சாதகக் கட்டங்களையும் படிக்கப்படாத வடிவங்களாக ஆக்கியது. மாணவர் ஒருவரின் கணக்கு ஏட்டின் பக்கம் கண்ணில் பட்டதே அதற்கு வழிதிறந்தது என்று பணிக்கர் விளக்கியுள்ளார். இக்கூற்று பலராலும் எடுத்தாளப்படுகிறது. ஆனால் அதற்கு முந்தைய 'தோட்டம்' வரிசை ஓவியங்களிலேயே ஆழத்தைத் துறந்த தட்டையான தளமும், உருவங்களைக் குறிகளாகப் பரப்பும் போக்கும் தோன்றிவிட்டன. ஏட்டின் பக்கம் வெறுமையான கண்ணில் படவில்லை. சில ஆண்டுகளாகக் கை பழகிவந்த ஒன்றுக்குக் கண் அப்போது பெயர் கண்டுபிடித்தது எனலாம். கலைஞரின் கூற்று பொய்யன்று; நீண்ட உழைப்பை அது ஒரு கணமாகச் சுருக்குகிறது. அச்சுருக்கத்தை விரித்துக் காட்டுவதே திறனாய்வின் பணி.

மறுமுனையில் நிற்பவர் வை. கணபதி ஸ்தபதி. 'சிற்பச் செந்நூல்' (1978) எழுதிய அவர் மரபுச் சிற்பி பேசமாட்டார் என்ற எண்ணத்தைப் பொய்யாக்கினார். அவர் பேச்சின் மையம் அளவு. கி.பி. 2000 சனவரி முதல் நாள் திறக்கப்பட்ட குமரி வள்ளுவர் சிலை அவ்வாறே விளக்கப்படுகிறது: பீடம் 38 அடி, அறத்துப்பாலின் அதிகாரங்கள், உருவம் 95 அடி, ஏனைய இருபால்களின் அதிகாரங்கள், மொத்தம் 133. இங்கு நூல் எண்ணைத் தந்தது. ஆனால் அவ்வுருவத்தின் இடுப்பில் உள்ள மெல்லிய ஒசிவை எந்த அதிகார எண்ணும் தரவில்லை. அந்த ஒசிவுதான் பாறைமேல் நிற்கும் பேருருவைத் தூணாக நில்லாமல் மனிதராக நிற்கச்செய்கிறது.

ஆக, பணிக்கரின் கூற்று கணத்தை முன்னிறுத்திப் பயிற்சியை மறைக்கிறது. ஸ்தபதியின் கூற்று அளவை முன்னிறுத்தித் தெரிவை மறைக்கிறது. இருவரும் தத்தம் அவையோருக்கு ஏற்பவே பேசினர். நவீன ஓவியரிடம் புதுமையையும் ஸ்தபதியிடம் மரபுத் தொடர்ச்சியையும் கேட்கும் அவையே இவ்விரு கூற்றுகளையும் வடிவமைத்தது.

கலையும் கைவினையும்: பிரிவின் விலை

இப்பிரிவு நிறுவனங்களிலும் தொடர்ந்துள்ளது. அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் தொடங்கிய சென்னைப் பள்ளி தொழிற்கலைகளைக் கற்பிக்கவும் எழுந்தது. 'நுண்கலை' அங்குப் பின்னரே மேலோங்கியது. 1966இல் உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமம், ஓவியர்கள் பாத்திக் முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்ற வருவாயைக் கொண்டு நிலம் வாங்கியது. நவீன ஓவியரின் விடுதலைக்குப் பொருள்வழி அடித்தளமாக அமைந்தது கைவினையே. சோழமண்டலத்துச் சிற்பி பி.வி. ஜானகிராமின் உலோகத்தகட்டுச் சிற்பங்கள் கோயில் திருமேனிகளுக்குச் சாத்தப்படும் கவசங்களின் முன்முக அமைப்பை நினைவூட்டுவதைத் திறனாய்வாளர் பலர் சுட்டியுள்ளனர். அங்குக் கவசம் 'தூண்டுதல்' எனப்பட்டது. அக்கவசத்தை அடித்த கைக்குத் தூண்டுதல் எது என்று எவரும் கேட்கவில்லை.

சுவாமிமலை வெண்கலத் திருமேனிகள் புவிசார் குறியீடு பெற்றுள்ளன. ஊரின் பெயருக்கு அது பாதுகாப்பு. தனி வார்ப்பாளரின் தெரிவுக்கு அதில் இடமில்லை. திறனாய்வும் அவ்வாறே ஊரையும் காலத்தையும் மட்டும் எழுதி அமைந்தால், இன்று மெழுகு பிடிக்கும் இளைஞர் நாளைக்குத் தம் முடிவுகளைப் பற்றிப் பேச மொழியே இல்லாதவராவார்.

கடற்கரையில் முடியும் பணி

திருவேட்டக்குடித் திருமேனி சுமந்து செல்லப்படுவதற்காக வார்க்கப்பட்டது. ஆடையும் மாலையும் சாத்தப்பட்டபின் கண்ணுக்குத் தெரிவது முகமும் கைகளும் மட்டுமே. உடலின் ஒசிவு துணிக்குள் மறைந்துவிடுகிறது. எனினும் அந்த ஒசிவே மேலே சாத்தியவற்றின் வீழ்ச்சியையும் தலையின் திருப்பத்தையும் தீர்மானிக்கிறது. இவ்வாறு மறைவதற்கென்றே ஒரு பகுதியை முழுமையாகச் செய்தவரின் பணியைப் பயிற்சி என்று மட்டும் கூறுவது பொருந்தாது.

மாசி மகத்தன்று கடலோரத்தில் அதனைக் காண்போர் வேடனையும் மருமகனையும் இறைவனையும் ஒருங்கே காண்கின்றனர். கதைக்குள் மறைந்தும் கோயிலுக்குள் வெளிப்பட்டும் நிற்கவேண்டும் என்ற வார்ப்பாளரின் சிக்கல் அங்குத் தீர்வு பெறுகிறது. தலக்கதையும் விழாவும் சேர்ந்தே அப்படைப்பின் உரையாகின்றன. அருங்காட்சியகப் பீடத்தில் அதே திருமேனி நிறுத்தப்பட்டால் உடலின் அழகு முழுமையாகத் தெரியும். ஆனால் இவ்வுரை அறுந்துவிடும்.

முடிவுரை

கலைஞர் தம் படைப்புமுறை பற்றிக் கூறுவது சான்றுகளுள் ஒன்று, முடிந்த முடிபன்று. அக்கூற்று யாரிடம் சொல்லப்பட்டது, எதைச் சுருக்குகிறது, படைப்பு அதற்கு உடன்படுகிறதா என்ற வினாக்களைப் பணிக்கரிடமும் ஸ்தபதியிடமும் ஒருங்கே எழுப்பவேண்டும். கூற்று கிடைக்காத இடத்தில் அளவு, பொருள், செய்முறை, வழிபாட்டுப் பயன்பாடு ஆகியவற்றின் வழியே தெரிவுகளைக் கண்டறியலாம் என்பதற்குத் திருவேட்டக்குடி வேடர் சான்றாகிறார். நூல் வகுத்ததற்கும் கை செய்ததற்கும் இடையே உள்ள இடைவெளியே படைப்பு நிகழும் இடம். கலைஞர் பேசினாலும் பேசாவிட்டாலும் அந்த இடைவெளி உண்டு. அதனை அளந்து சொல்லும் பொறுப்பு திறனாய்வாளருடையது.